ஏழாம் எண்ணின் வலப்பக்கம்

ஆண்களுக்கு எத்தனையோ பைத்தியம் உண்டு. சீட்டாட்டம், கிரிக்கெட், அரசியல் என்று ஊர் உலகத்தில் இருக்கிற எதுவும் என் கணவர் அனந்தநாராயணனுக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு வாய்த்தது தேறாத விமானங்கள். போருக்குப் போய்ப் பெயர் வாங்கிய விமானம் எதையும் அவர் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். அதற்கெல்லாம் வேறு ஆள் இருக்கிறது என்பார். சோதனைக்கென்று ஒன்றே ஒன்று செய்து, நாலு பேருக்குக் காட்டி, பிறகு வேண்டாமென்று உடைத்துப் போட்டார்களே, அந்த மாதிரிதான் வேண்டும்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில், லண்டனுக்குப் பக்கத்தில் ஹெண்டன் என்ற இடத்தில் வருஷா வருஷம் விமானக் காட்சி நடக்குமாம். ராணுவத்துக்காகப் புதிதாகச் செய்து பார்த்த விமானங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் விலாவிலும் பெரிதாக ஒரு எண் எழுதிவைப்பார்களாம். ஜனங்கள் கையிலிருக்கும் நிகழ்ச்சித் தாளைப் பார்த்து எது எந்தக் கம்பெனியுடையது என்று தெரிந்துகொள்வார்களாம். பெண் பார்க்கிற மாதிரிதான், எண் மட்டும் அதிகம். இதெல்லாம் நான் படித்து அறிந்ததல்ல. கல்யாணமான நாள் முதல் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் கேட்டு வந்தது.

அந்த வரிசையில் ஒரு வருஷம் நின்ற ஏழாம் எண் விமானம்தான் என் சக்களத்தி. படகு கட்டும் இடத்தில் வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மட்டாஞ்சேரி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மரத்திலும் தகரத்திலும் அதன் சிறு உருவத்தைச் செய்துகொண்டிருந்தார். இடப்பக்கம் முழுக்க முடிந்துவிட்டது. ஆணித் தலைகூட விடாமல் செய்திருந்தார். வலப்பக்கம் வெறும் மரம். காட்சியன்று கயிறு கட்டி ஜனங்களை இடப்பக்கம் நிறுத்திவிட்டதால், கிடைத்த படமெல்லாம் இடப்பக்கத்துப் படம். வரைபடங்கள் போரில் எரிந்துபோயின. வலப்பக்கத்தில் எண்ணெய்க் குழாய் எப்படிப் போயிற்று என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஊகித்துச் செய்துவிடுங்களேன் என்று ஒருமுறை சொன்னேன். அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பார்வைக்குத்தான் கேடு வந்தது. விழித்திரையில் கோளாறு. நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு கறை விழும். சுற்றியிருப்பது தெரியும், பார்க்க நினைப்பது தெரியாது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு இடப்பள்ளி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். போன தடவை டாக்டர், ஊசியால் இனி பெரிய பலன் இல்லை, எந்தக் காலையிலும் இந்தக் கண்ணும் மறைக்கலாம், பார்க்க வேண்டியது ஏதாவது இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். திரும்பும்போது ஆட்டோ தோப்பும்படிப் பாலத்தில் ஏறியது. அப்போதுதான் இவர் சொன்னார்.

"கமலா, அந்த வலது பக்கத்தை ஒரு தடவை கண்டுட்டா மதி."

அது போதுமாம். காசி வேண்டாம், அமெரிக்காவில் இருக்கும் மகள் ஸாதனாவின் முகம் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மூஞ்சி வேண்டாம். ஒரு ஓட்டை விமானத்தின் மறுபக்கம் வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பூஜை அறையில் குருவாயூரப்பன் படத்தின் கண்ணாடி விரிசல் விட்டதால், யூதர்கள் இருந்த ஜூதத்தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்கு எடுத்துப் போனேன். கடையின் முன்பக்கம் வெள்ளைக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்பார்கள், பின்பக்கம் படங்களுக்குச் சட்டம் போட்டுத் தருவார்கள். சட்டம் போடுகிற அழகருக்குச் சொந்த ஊர் சிவகாசிப் பக்கம். நல்ல பையன், கைச்சுத்தம். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தில் தூசி இருந்தால் விலை ஏறும் என்பதால் புது மேஜைக்குக்கூட மண் பூசுவார்கள். கண்ணாடியில் தூசி இருந்தால் மட்டும் விலை இறங்கும்.

அழகர் ஒரு மரப்பெட்டியை இழுத்து வைத்தான். ஃபோர்ட் கொச்சியில் கயிறு கம்பெனி நடத்திய ஒரு துரையின் பங்களாவைக் காலி செய்தபோது வந்ததாம். பழைய கண்ணாடி, மெல்லிசு, கோணல் இல்லாதது, சின்ன சாமி படத்துக்கு இதைவிட நல்லது கிடையாது என்றான். ஒன்றை உருவிக் கையில் கொடுத்தான். கண்ணாடி முழுக்கக் கறுப்பாக என்னவோ படிந்திருந்தது. டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். விமானம். அந்தக் காலத்தில் பிலிமுக்குப் பதிலாகக் கண்ணாடியில் எடுத்த போட்டோ நெகட்டிவ். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் தெரிந்தாலும், விலாவில் ஏழு என்ற எண்ணை நான் அடையாளம் கண்டுகொள்ளாமல் இருப்பேனா? என் வீட்டில் அத்தனை காலம் குடியிருந்த எண் அது. எண் நேராகத் தெரிந்தது. மூக்கு வலது கைப்பக்கம் பார்த்திருந்தது. எங்கள் வீட்டுப் படங்களில் எல்லாம் அது இடது கைப்பக்கம் பார்க்கும். அப்படியென்றால் இது வலப்பக்கம், அந்தத் துரை கயிற்றைத் தாண்டிப் போய் எடுத்திருக்க வேண்டும்.

அப்போதே வாங்கிக்கொண்டு போயிருப்பேன், ஆனால் முதலாளி ஆலுவாவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் செய்தால், நாளைக் காலையில் வாருங்கள் சேச்சி என்கிறார். ஆளின் முகத்தைப் பார்க்காமல் அவருக்கு விலை வாயில் வராது. அழகரிடம் எல்லாம் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஐயாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, இதைப் பார்ப்பதற்காகவே இருக்கிறார், ஒன்றைக்கூட வெட்டாதே, உடைக்காதே, வேறு யாருக்கும் கொடுக்காதே என்று கெஞ்சினேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மொபைலில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

அந்தப் படத்தை டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். இவர் திரைக்கு முகத்தைக் கோணலாகத் திருப்பி, ஓரக்கண்ணால் மெதுவாக மேய்ந்தார். வால் தெரிந்தது, எண் தெரிந்தது. குழாய் போகிற இடத்தில் டியூப் லைட் வெள்ளையாக அடித்திருந்தது. எனக்குப் படம் எடுக்கத் தெரிந்த லட்சணம் அது. இவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாளைக்குக் கையிலேயே வாங்கிப் பார்த்தால் போகிறது என்றார். அன்றைக்கு இரண்டாம் தடவை மோர் கேட்டுச் சாப்பிட்டார்.

காலையில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். கடையில் முதலாளி இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் அழகர் எங்களுக்காக எல்லாம் தயாராக வைத்திருந்தான். மேஜையில் சுத்தமான துண்டு விரித்து, அதன்மேல் கண்ணாடிகளைச் சாய்த்து அடுக்கி, ஐயா உட்கார நாற்காலியும் போட்டிருந்தான். வெயில் அந்தக் கண்ணாடிகள் வழியாகப் புகுந்து மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றிலும் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

"ஒண்ணைக்கூட வெட்டலைம்மா" என்றான் அழகர். "ஐயாவுக்குக் கண்ணு சரியில்லைன்னீங்கல்ல, அதான் நேத்தே வெந்நீர்ல சலவைச் சோடா போட்டு ஊற வச்சேன். கறுப்பா அடை அடையா வந்துச்சு. இப்ப பளிச்சுன்னு தெரியும்."

இவர் காதில் அது விழவில்லை. உட்கார்ந்து, தடவி, முதல் கண்ணாடியை எடுத்துத் தெருப்பக்க வெளிச்சத்துக்கு நேரே தூக்கிவிட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். இந்தப் பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். அப்புறம் கையை மடியில் இறக்கிக்கொண்டார்.

"கமலா, எனக்கு ஒண்ணும் காணலை. போயிடுத்து."

கண்ணைச் சொல்கிறார். படத்தைத் தேடியவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்த தெருவைக் கவனிக்கவில்லை. எந்தக் காலையிலும் மறைக்கலாம் என்று டாக்டர் சொன்ன காலை இதுதான் என்று நினைத்துக்கொண்டார். நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னால் படம் போயிற்று. சொல்லாவிட்டால் கண் போயிற்று. எதையாவது ஒன்றை நான்தான் என் வாயால் அவரிடமிருந்து எடுக்க வேண்டும். இருக்கிற தெய்வத்தையெல்லாம் திட்டினேன். அதற்குள் அவர் என்னைப் பார்க்க முகத்தைத் திருப்பி, பரவாயில்லை என்கிற மாதிரி ஆறுதலாகச் சொல்கிறார்.

"சாரமில்லை. நீ பார்த்துச் சொல்லு. மூக்குக்குக் கீழே ஒரு குழாய் பின்னாடி போறதா? மேலேயா கீழேயா?"

மேலே என்று சொல்லியிருக்கலாம். கீழே என்றும் சொல்லியிருக்கலாம். ஊகித்துச் செய்யமாட்டேன் என்ற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

"ஏன்னா, உங்க கண்ணு சரியாத்தான் இருக்கு. படம்தான் இல்லை. எல்லாத்தையும் கழுவியாச்சு."

முதலில் அவர் சிரித்தார். கண் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் குழந்தை மாதிரிச் சிரித்தார். அதே கண்ணாடியைத் தூக்கி அதன் வழியாகத் தெருவைப் பார்த்து, அங்கே ஒரு சைக்கிள் நிற்கிறது, இல்லையா என்று கேட்டார். நிற்கிறது என்றேன். அப்புறம்தான் நான் சொன்ன மற்றது உள்ளே போயிற்று.

அழகருக்கு அப்போதுதான் புரிந்தது. "அழுக்குன்னுதாம்மா நெனைச்சேன்" என்று என்னிடம் முணுமுணுத்தான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேய்த்திருக்கிறான், விரல் நுனியெல்லாம் சோடாவில் வெந்து வெளுத்திருந்தது.

வாங்கோ, போகலாம் என்றேன். இவர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த கண்ணாடியைத் துண்டின்மேல் பதமாக வைத்துவிட்டு, அடுத்ததைத் தடவி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எங்காவது ஒரு பொட்டுக் கறுப்பு மிஞ்சியிருக்கிறதா என்று ஓரக்கண்ணால் மூலைக்கு மூலை பார்த்தார். அதை வைத்துவிட்டு அதற்கடுத்ததை எடுத்தார். நானும் அழகரும் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தோம், இவர் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் வரை.