ஊறவைத்த அத்தி

முடிதிருத்தும் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. பசிக்கிற நேரத்தில் கையில் யாருடைய தலையாவது இருக்கும். சாப்பிட உட்காரும்போது பசி செத்திருக்கும். வருடக்கணக்கில் இப்படியே ஓட்டியதில் கடைக்காரருக்கு மலச்சிக்கல் தீராத வியாதியாகிவிட்டது. காலையில் அவர் கழிப்பறைக்குள் போனால், மனைவியும் மகளும் வெளியே நின்று மாற்றி மாற்றிக் கதவைத் தட்டுவார்கள்.

மனைவிதான் அவரைச் சித்த வைத்தியரிடம் இழுத்துப் போனாள். வைத்தியர் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"உலர்ந்த அத்திப்பழத்த ராத்திரி தண்ணில ஊறப்போடுங்க. காலைல வெறும் வயித்துல தின்னுட்டு அந்தத் தண்ணியையும் குடிங்க. ஆனா ரத்தம் போனாலோ, உடம்பு இளைச்சாலோ உடனே வந்துடணும். அது பழத்துல தீர்ற சமாச்சாரம் இல்ல."

அத்தி வேலை செய்தது. வயிறு லேசானதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. முடிவெட்ட வந்தவர்களின் காதிலெல்லாம் அத்திப் புராணம் ஓதினார்.

"மாமா, போர்ட மாத்திடுங்க. இனிமே இது பழக்கடை" என்று மனைவியின் தம்பி கிண்டலடித்தான்.

சில மாதங்களில் அவர் கன்னம் ஒட்டிப்போயிற்று. "தொப்பையக் காணோமே, என்ன ரகசியம்?" என்று கேட்டவர்களிடம் சிரித்துக்கொண்டே அத்தி என்றார். வயிறு மறுபடி கட்டிக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. கிண்ணத்தில் பழங்களைக் கூட்டிக்கொண்டே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆணியை வைத்துத் தட்டி பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவரை மனைவி பார்த்துவிட்டாள். அவரே போட்ட பழைய ஓட்டைகள் பக்கத்திலேயே வரிசையாக இருந்தன.

"ரத்தம் போகுதா?"

அவர் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க, கேக்குறேன்ல?"

"மூலமா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் அவர் சட்டையை எடுத்து நீட்டினாள். செருப்பை மாட்டினாள்.

வைத்தியர் இம்முறை நாடியைத் தொடவில்லை. படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடப்பக்கம், அடிவயிற்றுக்கு வந்ததும் விரல்கள் நின்றன. அதே இடத்தை இன்னொரு முறை மெதுவாக அழுத்தினார். மனைவி வைத்தியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அத்திய நிறுத்திடுங்க. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"நாளைக்குப் போனா..."

"இன்னைக்கே."

பெருங்குடலில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். கல்லீரலிலும் பரவியிருப்பதாக மனைவியிடம் டாக்டர் வராந்தாவில் நின்று சொன்னார். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வார்டுக்குள் போனாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?"

"முடிஞ்சத எடுத்துட்டாங்க."

"மிச்சம்?"

"மருந்து குடுப்பாங்களாம். பாக்கலாம்னாங்க."

அவர் வயிற்றில் போட்டிருந்த கட்டைத் தடவிப் பார்த்தார்.

"பாப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"எப்படிங்க சொல்வேன்?"

"நானே சொல்றேன். கொஞ்சம் நிமித்தி உக்கார வையி."

அவள் அவர் முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்தாள். வார்டின் அந்தக் கோடியில் மகள், ஒவ்வொரு கட்டிலாக அப்பாவைத் தேடிக்கொண்டு வந்தாள்.