நாலு டெசிபல்

சுகுமாறன் மூன்றாவது முறையாகச் செனாய் ஊரில் இருந்த மின்கருவிச் சோதனைக்கூடத்துக்கு வந்தபோது மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வரவேற்பறை நாற்காலியில் யோகேஸ்வரியை உட்கார வைத்து, கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை அவர் கையில் பிடிக்கக் கொடுத்தார். அந்தக் கையில் மூன்று விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. கூடத்தில் சோதனை செய்யும் பிரேமலா அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “சோல்டரிங் அயன்மா. ரெண்டு நிமிசம்தான் திரும்புனேன், கொதிக்கிற முனையப் புடிச்சிட்டா,” என்றார். “அதோட எல்லாத்தையும் எடுத்து மேல வச்சிட்டேன். இனிமே வீட்டுல அந்த வேல முடியாது.”

இருபது வருடங்களுக்கு முன் மூவரும் பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் இருந்தவர்கள். சுகுமாறன் தர ஆய்வாளர். பிரேமலா சர்க்யூட் போர்டு மாட்டும் லைனில் புதிதாகச் சேர்ந்தவள். யோகேஸ்வரி பேக்கிங் பிரிவு. அவர் சிரித்தால் அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கும். இப்போது பிரேமலா பக்கத்தில் குனிந்து, “அக்கா, என்னத் தெரியுதா?” என்றபோது யோகேஸ்வரி மரியாதையாகத் தலையாட்டினார். கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண்ணைப் பார்த்து ஆட்டுவதுபோல.

மறதி வந்த முதல் வருடம் யோகேஸ்வரி இரண்டு தடவை மாசாயில் இருக்கும் வீட்டைவிட்டு நடந்து போய்விட்டார். இரண்டாம் தடவை லாரிகள் ஓடும் பெரிய சாலையின் நடுத் திட்டில் நின்றிருந்தார். அதற்குப் பிறகுதான் சுகுமாறன் அந்த வெள்ளைப் பெட்டியைச் செய்தார். கதவில் மாட்டினால், கதவு திறந்த கணமே கைத்தொலைபேசி அலறும். பத்து மாதமாக ஒரு தடவைகூட அது தவறவில்லை. பெர்மாஸ் ஜெயாவில் முதியோரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் சென்டர் ஒன்று, நடந்து போய்விடுகிறவர்களைச் சேர்ப்பதில்லை. பெட்டியைப் பார்த்த அதன் நிர்வாகி, எல்லாக் கதவுக்கும் இதை மாட்டிக்கொள்கிறோம், யோகேஸ்வரியையும் சேர்த்துக்கொள்கிறோம், மற்றக் கருவிகளைக் கெடுக்காது என்ற சோதனைச் சான்றிதழ் மட்டும் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

முதல் முறை கூடத்துக்கு வந்தபோது சுகுமாறன் ஒரு காகிதத்தை நீட்டினார். உள்ளே இருக்கும் வைஃபை மாட்யூலை விற்ற கம்பெனி கொடுத்த சான்றிதழ். அதுவே போதும் என்று நினைத்திருந்தார். பிரேமலாதான் விளக்கினாள்: மாட்யூல் தனியாகச் சுத்தமாக இருக்கலாம்; அதை ஒரு பெட்டிக்குள் வைத்து, வேறு போர்டோடு சேர்த்து, வயர் மாட்டிவிட்டால் அது வேறு பொருள். மாட்யூல் பேசிக்கொண்டிருக்கும்போதே முழுப் பெட்டியும் காற்றில் எவ்வளவு ரேடியோ அலையைக் கசியவிடுகிறது என்று அளக்க வேண்டும். அளந்தபோது கசிவு அனுமதித்த எல்லைக்கு ஒன்பது டெசிபல் மேலே நின்றது. இரண்டாம் முறை ஆறு. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய் எதையோ மாற்றிக்கொண்டு வந்தார். எதை மாற்ற வேண்டும் என்று பிரேமலாவுக்குத் தெரியும். அளப்பவர்கள் யோசனை சொல்லக் கூடாது என்பது கூடத்தின் விதி.

வரவேற்பில் இருந்த லோஷினியிடம் யோகேஸ்வரியை ஒப்படைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். சுவரெல்லாம் அலைகளை விழுங்கும் நீலக் கூம்புகள் முளைத்த அந்த அறையில், மேசைமேல் பெட்டியை வைத்து, அதன் மின்வயரை விதிப்படி பின்விளிம்பிலிருந்து தொங்கவிட்டாள் பிரேமலா. கனத்த கதவை மூடிவிட்டு, வெளியே கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். மேசை மெல்லச் சுழன்றது. ஆண்டெனா ஏறி இறங்கியது. திரையில் கோடு ஊர்ந்து வந்து, நூற்று அறுபத்தெட்டு மெகாஹெர்ட்ஸில் சட்டென்று எழும்பி நின்றது. எல்லை நாற்பது. இது நாற்பத்து நாலு.

“நாலு,” என்றார் சுகுமாறன்.

“ஆமாண்ணே.”

“மறுபடி எப்ப எடம் கெடைக்கும்?”

“ஏழு வாரம் ஆவும்.”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கத்தியிருந்தால், ஏதாவது செய்யம்மா என்று கெஞ்சியிருந்தால் பிரேமலா தாங்கியிருப்பாள். அவர் அப்படி உட்கார்ந்திருந்ததைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “கனெக்ஷன் லூசா இருக்கும்னு நெனைக்கிறேன். பாத்துட்டு வரேன்,” என்று எழுந்தாள்.

உள்ளே போய், அறையிலிருந்த கேமராவை முதுகால் மறைத்தபடி, கசிவை அதிகமாக வீசும் அந்தத் தொங்கிய வயரை மேலே இழுத்துச் சுருட்டிப் பெட்டியின் பின்னால் செருகினாள். பதினெட்டு வருட வேலையில் இப்படிச் செய்ததில்லை. திரும்பி வந்து மறுபடி ஓட்டினாள். கோடு எழும்பி, எல்லைக்குக் கீழேயே அடங்கியது. முப்பத்தெட்டரை.

“பாஸ்ணே,” என்றாள். குரல் தானாகவே தாழ்ந்தது.

சுகுமாறன் திரைக்குப் பக்கத்தில் இருந்த கேமராப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசை சுழன்று பெட்டியின் முதுகு தெரிந்தபோது, “வயரு எங்கம்மா?” என்றார்.

பிரேமலா விசைப்பலகையை நகர்த்தி வைத்தாள். சுகுமாறனே தொடர்ந்தார்:

“சென்டர்ல வேல செய்றவங்க வாக்கிடாக்கி வச்சிருக்காங்க. போனப்ப பாத்தேன். நூத்தி அறுபத்தெட்டு பக்கம்தான் அதுல பேசிக்கிறாங்க. பன்னண்டு கதவுலயும் இது இப்படிக் கசிஞ்சிச்சுன்னா ஒருத்தர் கூப்புடறது ஒருத்தருக்குக் கேக்காது. யாராச்சும் விழுந்து கெடப்பாங்க.”

“அண்ணே, ஒருத்தருக்கும் தெரியாது. அக்காவ நெனச்சுப் பாருங்க.”

“அவளத் தவிர வேற என்னத்த நெனைக்கிறேன் நானு?” என்றார். “பழையபடி தொங்கவிடும்மா. உன் பேரு போட்டு வர்ற ரிப்போர்ட்டு.”

அவள் போய் வயரைத் தொங்கவிட்டாள். நாற்பத்து நாலு. ‘தேறவில்லை’ என்ற முடிவோடு அறிக்கையை அச்செடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். ஏழு வாரம் கழித்து ஒரு தேதியைப் பதியட்டுமா என்று கேட்டாள். “வேணாம்லா,” என்று அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அதுக்குள்ள இவ எப்படி இருப்பாளோ. நானே வெளிய வரமுடியாமப் போயிடும்.”

அவர்கள் போன பிறகு அடுத்த பொருளை எடுத்துவர, சாமான் இறக்கும் பக்கத்துக் கதவைத் திறந்தாள் பிரேமலா. பதினொரு மணி வெயிலில் கார் நிறுத்துமிடம் கண்ணைக் கூசச் செய்தது. வேலிக்கு அப்பால் செம்பனை மரங்கள் அசையாமல் நின்றன. சுகுமாறனின் பழைய கார் இன்னும் கிளம்பவில்லை. யோகேஸ்வரி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையும் மற்றக் கையுமாக ஸ்டீயரிங்கைப் பிடித்து, நேராக முன்னால் பார்த்தபடி. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு சுகுமாறன் குனிந்து என்னவோ சொன்னார். யோகேஸ்வரி நகரவில்லை. மறுபடியும் சொன்னார். முழங்கையை மெல்லத் தொட்டார். யோகேஸ்வரி ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கினார்.

உதவிக்குப் போகலாம் என்று பிரேமலா ஒரு அடி எடுத்து வைத்து, நின்றாள்.

சுகுமாறன் மனைவி பக்கத்துக் கதவைச் சாத்தினார். காரைச் சுற்றி வந்தார். இந்தப் பக்கக் கதவைத் திறந்து, வெள்ளைப் பெட்டியையும் கார்ச் சாவியையும் மடியில் வைத்தபடி மனைவியின் அருகில் உட்கார்ந்து, இருக்கை வாரை இழுத்துத் தனக்கு மாட்டிக்கொண்டார்.