பிறக்காத லினேயோவின் அம்மா

கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டாள்: மாலினேயோ, அதாவது லினேயோவின் அம்மா. லெசோத்தோவில் மருமகளாக வருபவளுக்கு அதுதான் வழக்கம். பெயர் முன்னால் வரும், பிள்ளை பிறகு வரும். வராமலே போனால் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் வழக்கம் வாயே திறக்காது.

இரண்டாம் வருடம் அவளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. "உனக்கெல்லாம் பிள்ளை ஒரு கேடா?" என்றாள் கிளினிக்கில் இருந்த பழைய நர்ஸ். பிள்ளை ஆசையை மாலினேயோ அன்றே மூட்டைகட்டி வைத்தாள். ஊர் மட்டும் அதே பெயரால் கூப்பிட்டது. ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது.

போன வாரம் புது நர்ஸ் வேறு கதை சொன்னாள். "கிருமி பரிசோதனையில தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருச்சு. மாத்திரைய விடாம போட்டா பிள்ளைக்குத் தொத்துறது ரொம்ப அபூர்வம். பெத்துக்கணும்னா சொல்லு."

யாரை நம்புவது? சிரிப்பதா, அழுவதா? கணவன் மோலெஃபியைக் கேட்டால், "உன் இஷ்டம்" என்று நழுவிவிட்டான். நழுவுவதற்கு ஆண்களுக்குச் சொல்லியா தரவேண்டும்!

இந்த நேரம் பார்த்து மாமியார் வந்தாள். நோய் விஷயம் அவளுக்குத் தெரியும்; ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. சோளக்களியைச் சாப்பிட்டுவிட்டு, தோளில் போர்த்தியிருந்த போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சின்னவன் பொண்டாட்டிக்கு ரெண்டாவது பொண்ணு பொறந்திருக்கும்மா. லினேயோ எங்கம்மா பேரு. சாகறதுக்குள்ள அந்தப் பேரச் சொல்லி ஒரு பிள்ளையக் கொஞ்சணும். அந்தக் குழந்தைக்கு வச்சிடவா? உனக்கு வேற பேரு பார்ப்போம்."

கொடுத்துவிட்டால் நிம்மதி. இனி யாரும் கூப்பிட்டு நோகடிக்க மாட்டார்கள். எடுத்துக்கோங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"முடியாதும்மா."

"ஏன்டி, முழுகாம இருக்கியா?"

"இல்ல."

"அப்புறம் யாருக்குடி அந்தப் பேரு?"

"தெரியலம்மா. பயமா இருக்கு. ஆனா வேணும்."

"என்ன வேணும்? பேரா, பிள்ளையா?"

"பிள்ளை."

அந்தச் சொல்லைத் தன் வாயிலிருந்தே கேட்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் அவள் முதுகைத் தடவிவிட்டு எழுந்தாள்.

"அப்ப சின்னவன் பொண்ணுக்கு வேற பேரு தேடணும். என்னை அலைய விடுறதே உனக்குப் பொழப்பு." வாசலுக்குப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்: "மாலினேயோ, என் தடிய எங்கடி வச்சே?"

"இதோ வர்றேம்மா!"

பயம் போகவில்லை. ஆனாலும், கூப்பிட்டது தன்னைத்தான் என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.