உள்தாழ்ப்பாள்

கடைசி ஒட்டுப்பட்டை அப்பாவின் வலது தொடையை விட்டு வர மறுத்தது. மகள் விரலை நனைத்து அதன் ஓரத்தை நெருடினாள். அவர் இறந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. குளியலறையிலிருந்து தூக்கிவந்து கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். உடைத்த கதவு கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது.

அண்ணன் வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"இன்னைக்கும் வெச்சியா அந்தக் கரண்ட்டை?"

"வெச்சேன்."

"சீக்காளி மனுஷனுக்கு ஷாக் குடுத்தே கதைய முடிச்சிட்ட."

அது ஷாக் இல்லை. ஆனால் அவனுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் ஓடும் பேருந்தில் நின்றே டிக்கெட் கிழித்தவர் அப்பா. இதயம் தளர்ந்தபின் நாலு எட்டு வைத்தால் மூச்சிரைத்தது. படுத்தே கிடந்ததில் தொடை வற்றிப்போனது. பிசியோ பெண்தான் அந்தச் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தாள். பட்டைகளைத் தொடையில் ஒட்டி லேசாக மின்சாரம் விட்டால், படுத்தபடியே தசை இறுகும், தளரும்.

"இதயத்தை இது சரிபண்ணாது. காலுக்குத்தான்," என்று முதல் நாளே கறாராகச் சொன்னாள்.

"கால் போதும்மா. கக்கூஸுக்கு நானே போயி கதவைச் சாத்திக்கணும். வேற ஒண்ணும் வேணாம்," என்றார் அப்பா.

தினமும் ஒரு மணி நேரம். தொடை துள்ளும்போதெல்லாம் "போலாம் ரைட்" என்பார். பத்து வாரம் துள்ளியது. இன்று காலை, பட்டைகளைக்கூட எடுக்காமல் ஒயர்களை மட்டும் உருவிப் போட்டுவிட்டு எழுந்தார். சுவரைப் பிடிக்காமல் பதினோரு எட்டு. பின்னாலேயே போனவளைத் திரும்பிப் பார்த்து, "நீ என்ன செக்கிங் இன்ஸ்பெக்டரா? தள்ளிப் போ," என்றார். அவள் தள்ளிப் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"உள்ள தாழ்ப்பாள் போட விட்டிருக்கியே, அறிவிருக்கா உனக்கு?" அண்ணனின் குரல் உடைந்தது. "கதவு திறந்திருந்தா பொழச்சிருப்பாரு."

"பொழச்சிருக்கலாம்."

"என்னடி, இவ்ளோ சாதாரணமா சொல்ற?"

"ரெண்டு வருஷம் பெட்பேன் வெச்சவ நான். ஒவ்வொரு தடவையும் மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிக்குவாரு. நீ வெளிய நின்னு போன் பேசுவ. இப்ப அவரு எழுந்து வந்தாலும் தாழ்ப்பாள் போட விடுவேன். போய் ஊரெல்லாம் சொல்லு, நான்தான் கொன்னேன்னு."

அவள் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பட்டை கையோடு வந்தது. தொடையில் சதுரமாய் ஒரு சிவப்புத் தடம்.

குளிப்பாட்ட பெஞ்சுக்கு மாற்ற வேண்டியிருந்தது. சித்தப்பா தோள்பக்கம் பிடித்தார். அண்ணன் கால்பக்கம் குனிந்து, வற்றிய கால்தானே என்று ஒரு கையை மட்டும் தொடைகளுக்கு அடியில் அலட்சியமாகக் கொடுத்துத் தூக்கினான். எழவில்லை. மறுகையையும் கொடுத்தான்.

"என்னடா, தூக்கு."

"ஒரு நிமிஷம் சித்தப்பா."

அவன் குனிந்தபடியே நின்றான். கட்டைவிரல் அந்தச் சதையை மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.