பொன் தகட்டில் விழுந்து கிடந்தவன்

இத்தாலியின் பலேர்மோ நகரில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகையில் அந்தக் கண்காட்சி தொடங்கிய மாதமே உக்ரைனில் போர் மூண்டது. ஆறு வாரத்தில் திரும்பிப் போயிருக்க வேண்டிய பொருள்கள், சிதியர் என்ற பழங்காலக் குதிரைவீரர்களின் பொன் வேலைப்பாடுகள், பலேர்மோவிலேயே தங்கிவிட்டன. அவற்றுக்குப் பொறுப்பாக உக்ரைனிலிருந்து வந்த லெஸ்யாவும் தங்கிவிட்டாள்.

அங்கே துப்புரவு வேலை பார்த்தவள் இலங்கையிலிருந்து வந்த நிரோசினி. மேல்மாடியின் நடுக் கண்ணாடிப் பெட்டியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பொன் தகடு. குதிரைமேல் இருப்பவன் ஈட்டியை ஓங்குகிறான். எதிரே ஒருவன் கேடயத்தைத் தூக்குகிறான். இருவருக்கும் கீழே, மல்லாந்த குதிரையின் அருகில், மூன்றாமவன் விழுந்து கிடக்கிறான். அவனுடைய தாடி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும். கண்ணாடியைத் துடைக்கும்போது அந்த இடத்தில் அவள் கை மெதுவாகும்.

அடுத்த மாரியில் ஒரு காலை, லெஸ்யா அந்தப் பெட்டியின் முன் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“சண்டைக்குப் போன என்ரை மகனைக் காணேல்லையாம்,” என்றாள், இருவரும் பேசும் உடைந்த இத்தாலிய மொழியில். “செத்தவன் எண்டு சொல்லேல்லை. நான் நித்திரை கொண்டு அஞ்சு நாள். உன்ரை நாட்டிலையும் சண்டை நடந்ததுதானே. காணாமல் போன ஆக்கள் திரும்பி வந்தவையோ?”

நிரோசினியின் கணவன் விமலராஜ் போரின் கடைசி நாளில் ராணுவத்திடம் சரணடைந்து அவர்களின் பஸ்ஸில் ஏறியவன். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

“ஓம், சிஞ்ஞோரா. என்ரை மனிசனையும் காணேல்லை எண்டுதான் சொன்னவை. ரெண்டு வருசத்தாலை வந்திட்டார்.”

லெஸ்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

மூன்று கிழமை கழித்து, ஒரு ஞாயிறு, கேக் பெட்டியோடு லெஸ்யா பிரான்காச்சோ பகுதியில் இருந்த நிரோசினியின் வீட்டுக்கு வந்து நின்றாள். கதவைத் திறந்தது நிரோசினியின் அண்ணன் தனேஸ். லெஸ்யா அவன் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். “நீங்கள் வந்திட்டியள்.”

தனேசுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நான் தமையன். அவவின்ரை மனிசன் அந்தா.”

சுவரில் விமலராஜின் படம். பத்து வருடம் காத்திருந்துவிட்டு நிரோசினி தானே போட்ட மாலை. கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

குசினியிலிருந்து அகப்பையோடு நிரோசினி வந்தாள்.

“ஏன் அப்பிடிச் சொன்னனீ?” லெஸ்யா கேட்டாள்.

“நீங்கள் நித்திரை இல்லாமல் இருந்தியள், சிஞ்ஞோரா.”

“கொண்டனான்,” என்றாள் லெஸ்யா. “இந்த மூண்டு கிழமையும் நல்லா நித்திரை கொண்டனான்.”

பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நிரோசினியும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போய், பஸ் தரிப்பில் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். போ என்றும் லெஸ்யா சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து பஸ் வந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் நிரோசினிக்குக் கீழ்மாடியில் வேலை போட்டார்கள். யார் கேட்டு மாற்றினார்கள் என்று அவள் விசாரிக்கவில்லை.