புல்வெட்டி மெஷினின் பெட்டரி

1
இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். அதில் என் அப்பா ஞானசீலன் உத்தமர். வாசித்த கெம்பஸ் சிநேகிதிகள் அழுதார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதனால் மறுபடி எழுதுகிறேன்.

2
"பதுளை மலைகளில் பனி விலகிய ஒரு காலையில்..." (வேண்டாம். பனி பார்க்க வருகிறவர்கள் எல்லவுக்குப் போகட்டும்.)

1997. எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாவில், ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி மெஷின் இருந்தது. ஓட்டியவர் அப்பா. ஒருநாள் பெட்டரி இறங்கி நின்றுவிட்டது. எங்கள் தோட்டத்தில் இதற்கெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை. லொறியோ ட்ரக்டரோ, சரிவில் உருட்டிவிட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் தோட்டம் முழுவதிலும் சமதரை என்றால் அந்தப் பங்களாப் புல்தரை ஒன்றுதான்.

"ஞாயித்துக்கெழம பெட்டரிய லயத்துக்குக் கொண்டுபோய் டீவி பாக்குறியாம்" என்றார் துரை. "உண்மைன்னா வேலையும் இல்ல, காம்பராவும் இல்ல." காம்பரா என்றால், லயத்து வீட்டு வரிசையில் வேலைக்காகத் தோட்டம் எங்களுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறை.

3
(முதல் வரைவில் இந்த இடத்தில் அப்பா கண்கலங்கினார். அடித்துவிட்டேன். அப்பா தலையைச் சொறிந்தார், அவ்வளவுதான்.)

பதுளை டவுனிலிருந்து மெக்கானிக் இப்றாஹீம் நானா வோல்ட் மீட்டரோடு வந்தார். மெஷின் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால், வாசித்துச் சொல்ல அப்பா என்னைக் கூட்டிப்போனார். நானா தன் வேன் பெட்டரியிலிருந்து வயர் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். பிறகு வயரைக் கழற்றினார். மீட்டர் முள் பன்னிரண்டிலேயே படுத்துக் கிடந்தது.

"ஓடுறப்ப பதினாலு கிட்ட ஏறணும்னு போட்டிருக்கு" என்றேன்.

"சார்ஜே ஆகல்ல, ஞானசீலன்."

"தொரை போட்ட சத்தத்துல அதுவும் பயந்துருச்சோ என்னவோ, நானா."

"வாய மூடிட்டு ஸ்பெனரத் தாங்க."

எஞ்சினுக்குள் இருந்த கொயில் கம்பிச் சுருளிலிருந்து கரண்ட் ஒழுங்காக வந்தது. அதைப் பெட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெகுலேட்டர் என்ற சின்னப் பெட்டி, எஞ்சின் உடம்போடு போல்ட் போட்ட இடத்தில் துருப்பிடித்திருந்தது. நானா சுரண்டி முறுக்கினார். முள் எழுந்து பதினாலுக்குப் போனது.

4
ஆக, குற்றவாளி துரு. முதல் வரைவு இங்கே முடிந்தது.

அதில் நான் எழுதாமல் விட்டது: பெட்டரி லயத்துக்கு வந்தது. ஞாயிறுதோறும், சாக்கில் சுற்றி, அப்பாவின் தோளில் வந்தது. ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டீவிக்கு முன்னால் நாற்பது பேர். பெட்டரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும். கதாநாயகி தபால் முத்திரை அளவுக்கு வந்ததும் அம்மா கத்துவாள்: "ஏங்க, அவ கல்யாணமாவது முடியட்டுங்க, வயர ஆட்டுங்க!" எத்தனையோ படங்களின் முடிவு எனக்கு இன்றும் தெரியாது. இப்போது போர்டிங் அறையில் தனியாகக் கலர் டீவி பார்க்கிறேன். படம் முழுசாக ஓடுகிறது. ஆனாலும் அந்தச் சிரிப்புச் சத்தம்... (இந்த வாக்கியத்தை நாலு தடவை எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.)

5
துரை வந்தார். மெஷின் ஓடுவதையும் சுரண்டிய துருவையும் பார்த்தார். முகம் இளகியது.

"அப்ப பெட்டரிய நீ எடுக்கல்ல. அப்படித்தானே?"

இப்றாஹீம் நானா ஸ்பெனரைத் துடைக்கத் தொடங்கினார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்து வாயைத் திறந்தார்.

அவர் சொன்னது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். "இல்லைங்க" என்று எழுதினால், பொய் சொல்லிவிட்டான் என்பீர்கள். "ஆமாங்க" என்று எழுதினால், என்ன நேர்மை என்று கண்ணைத் துடைப்பீர்கள். பங்களாவுக்குப் போன கரண்ட் கம்பி எங்கள் லயத்துக் கூரைக்கு மேலாகத்தான் போனது. உள்ளே ஒரு பல்பு கிடையாது.

அப்பாவின் பதிலை நீங்களே எழுதுங்கள். காம்பரா போனால் நாங்கள் எங்கே போய்ப் படுப்போம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.