வெறுங்கை

வக்கீலின் காருக்குத் தைத்துக் கொடுத்த புது உறையைப் போர்த்தியதும் கார் காணாமல் போய், நெட்டையான ஓர் ஆள் மல்லாந்து படுத்திருக்கும் வடிவம் வந்தது. உறையைத் தூக்கினால் கார்தான் இருந்தது. மறுபடி போர்த்தினால் ஆள். இடது முழங்கால் சற்றே மடங்கியிருந்தது, இரண்டு கைகளும் உள்ளங்கை வானத்தைப் பார்க்க விரிந்து கிடந்தன. வக்கீல் நாலைந்து முறை தூக்கியும் இறக்கியும் பார்த்துவிட்டு, தையல் எங்கோ இழுக்கிறது, வந்து சரிசெய்யச் சொல் என்று பட்டறைக்கு ஆள் அனுப்பினார். தைத்தவள் கத்தரியும் ஊசியுமாக வந்து பார்த்தாள். தையலில் ஒரு குறையும் இல்லை. அந்த முழங்கால்தான் அவளுக்குத் தெரிந்த முழங்கால். கல்யாணமான நாளிலிருந்து தூக்கத்தில் அவள் இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்த முழங்கால் அது. அதற்குரியவன் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பட்டறையில் மூடி வைக்க வேண்டிய எதற்கும் உறை தைப்பார்கள். படகு, மோட்டார், பூட்டிக் கிடக்கும் வீட்டு சோபா, திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் சிலை, எல்லாம் ஒன்றுதான். வாங்க வருகிறவர் வாசலில் நின்று நீளம், அகலம், துணி எது என்று கத்துவார். உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. அப்படித்தான் மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் ஐஸ் கம்பெனியிலிருந்து வந்தவன், வெள்ளைத் துணி, ஆள் உயரத்துக்குமேல் நீளம், உடனே வேண்டும் என்றான். அவள் புருஷன் வேலை செய்யும் கம்பெனி என்பதால் உரிமையோடு, "என்னப்பா, புது மோட்டாரா? உங்க முதலாளி கைய விட்டுச் செலவு பண்றாரே" என்று சிரித்தாள். வந்தவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். மோட்டார் உறைக்கு வழக்கமாகச் செய்வதைப் போலவே சுற்றிலும் தளர்வு விட்டு, நாலு மூலையிலும் கயிறு கட்டப் பித்தளை வளையம் அடித்துக் கொடுத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நடுவீட்டில் அந்தப் பித்தளை வளையங்கள் பளபளத்தன. துணிக்குள் அவன் இருந்தான்.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். வெயில் தாங்காமல் மோட்டார் சூடேற, காற்று நன்றாகப் படட்டும் என்று விசிறியைச் சுற்றியிருந்த இரும்புக் கூண்டைக் கழற்றச் சொன்னார் மேஸ்திரி. எண்ணெய் விடக் குனிந்தவனின் சட்டை மாட்டிக்கொண்டது. கம்பெனியோ, அவனாகவே கூண்டைக் கழற்றினான், கையில் ஸ்பேனரோடுதான் கிடந்தான் என்று சொல்லிவிட்டது. சொன்னது அப்படியே பள்ளிக்கூடம் வரை போனது. மகளை, "தானா போயி மாட்டிக்கிட்டவரு பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். அவள் அழவில்லை, அப்பா அப்படியா செய்தார் என்று மட்டும் அம்மாவைக் கேட்டாள். அம்மா நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, அவரு கையில ஸ்பேனர் இருந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"விடு தங்கச்சி. இப்ப அதச் சொன்னா அவன் எந்திரிச்சு வந்துருவானா?"

"வந்துட்டாருண்ணே. வக்கீல் காரு மேல படுத்திருக்காரு. வந்து கையப் பாருங்க."

மேஸ்திரி வந்தார். விரிந்த உள்ளங்கைகளை வெகுநேரம் பார்த்தார். பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன, நடுவில் ஒன்றும் இல்லை. துணியின் ஓரத்தை விரலால் நிமிண்டிவிட்டு, "நல்ல கைவேல தங்கச்சி" என்று சொல்லிப் போய்விட்டார்.

அதன்பிறகு அவள் தைத்த உறை எதைப் போர்த்தினாலும் அவன்தான் வந்தான். படகின் மேல் போர்த்தினால் பாய்மரத்தை இழுத்துக் கட்டிய கயிறுகளுக்கு நடுவே கிடந்தான். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். பிறகு, மேலே பிணம் படுத்திருக்கும் வண்டியைத் திருடன் தொடுவதில்லை என்று தெரிந்ததும் பட்டறைக்குக் கூட்டம் நெரிந்தது. சிலை திறப்புக்கு வந்த மந்திரி, நின்றிருக்க வேண்டிய சிலை படுத்திருப்பதைக் கண்டும் முகம் மாறாமல் கயிற்றை இழுத்தார், கைதட்டினார்கள். ஐஸ் கம்பெனி அதே மோட்டாருக்கே ஓர் உறை வாங்கியது. இரும்புக் கூண்டை மட்டும் யாரும் திரும்ப மாட்டவில்லை. உறையைக் காட்டி முதலாளி விருந்தாளிகளிடம், "செத்தும் வேலைக்கு வர்ற ஆளு சார், இந்த மாதிரி விசுவாசம் இப்ப எங்க கெடைக்குது" என்பார். அவள் தைப்பதை நிறுத்திப் பார்த்தாள். அடுத்தவர்கள் தைத்ததிலும் அவனே வந்தான். கடைசியில் கொடியில் காயப் போட்ட போர்வையிலும், சாப்பாட்டு மேசை விரிப்பிலும்கூட வந்தான். தட்டு வைக்கும்போது விரல்களை ஒதுக்கி வைக்கச் சனங்கள் பழகிக்கொண்டார்கள்.

மகள் பெரியவளாகி வேறு ஊருக்குக் கட்டிக்கொண்டு போனாள். பெண் பார்க்க வந்தவர்களும், அப்பா விஷயம் கேள்விப்பட்டோம், கொஞ்சம் அவசரக்காரராமே என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். பேசியவர்களுக்குக் கீழே பாயில் விரித்த சமுக்காளத்தில் அவன் வெறுங்கையோடு கிடந்தான். மகள் சமுக்காளத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், காபி எடுத்துவர உள்ளே போனாள்.

அந்த வருஷம்தான் மூடுபனியும் அவன் வடிவில் இறங்கியது. தலை துறைமுகத்தில், மடங்கிய முழங்கால் ஆஸ்பத்திரிக்கு மேலே, வலது கை ஐஸ் கம்பெனி வாசலில். வெயில் ஏறிக் கலைவதும் மறுநாள் திரும்ப இறங்குவதுமாக அது ஊரிலேயே தங்கிவிட்டது. முழங்காலைத் தாண்டும்போது விளக்கைப் போட்டு ஓட்டுங்கள் என்று டிரைவர்களுக்கு உத்தரவு வந்தது. பஸ் நிறுத்தங்களின் பழைய பெயர்கள் மறந்துபோய், கழுத்து, முழங்கால், வெறுங்கை என்று கண்டக்டர்கள் கூவினார்கள்.

மேஸ்திரி போய்ச் சேர்ந்த பிறகு கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பையன். அவள் தலை நரைத்துப்போய் அவரிடமும் அதையே கேட்டாள். அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டு, பொறுமையாகவே சொன்னார்.

"கையில ஸ்பேனர் இருந்துச்சுன்னுதாம்மா எல்லாரும் சொல்றாங்க. நான் என்ன பண்ண முடியும்?"

அவள் எழுந்தாள். வாசல்வரை கூடவே வந்தவர் வெளியே பார்த்தார். பனி இன்னும் கலையவில்லை.

"பஸ்ஸுலயா போறீங்க? அப்பிடியே போயி வெறுங்கையில நில்லுங்கம்மா. எல்லா வண்டியும் நிக்கும்."

அவள் போய் நின்றாள். சுற்றிலும் ஈரமாகவும் வெள்ளையாகவும் இருந்தது. பஸ் வந்தது, நின்றது, ஏறிக்கொண்டாள்.